பக்கத்துக் கட்டிலின் கை

டயாலிசிஸ் செய்துகொள்கிறவனுக்கு இரண்டு கை இருந்தாலும் ஒரு கைதான் கணக்கு. ஊசி குத்துவதற்காக என் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். பிஸ்டுலா என்பார்கள். விரலை வைத்தால் உள்ளே தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல் புர்ரென்று இருக்கும். அந்தக் கையில் வாட்ச் கட்டக்கூடாது, பை தூக்கக்கூடாது, யாரும் அழுத்திப் பிடிக்கவும் கூடாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட வலது கையைத்தான் நீட்டுவேன்.

எறையூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. சின்ன வெங்காயம் போடுவோம். வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்து மெஷினோடு படுப்பேன். நாலு மணி நேரம். வலி ஒன்றும் பெரிதில்லை. எனக்குப் பயம்தான் பிரச்சினை. பாதி நேரம் தாண்டியதும் நெஞ்சு படபடக்கும். என் ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். வீட்டிலும் தூக்கம் கிடையாது.

நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். டீக்கடையில் சர்க்கரை போட மறந்து கொடுத்தாலும் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் அந்த வார்டில் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான்.

"சிஸ்டர், கழட்டிவிட்டுருங்க."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குங்கண்ணா."

"போதும் சிஸ்டர்."

இப்படியே பல தடவை பாதியில் எழுந்து வந்தேன். ஒருநாள் டாக்டர் என் மனைவியை உள்ளே கூப்பிட்டார். "இவரு இப்படியே பண்ணிட்டிருந்தா தண்ணி நுரையீரலுக்குப் போயிரும்மா. அப்பறம் மூச்சு விட முடியாமத் தூக்கிட்டு வருவீங்க" என்றார். என் மனைவி பஸ் கண்டக்டரிடம்கூட அவர் வீட்டு விசேஷத்தை விசாரிக்கிறவள். அன்றைக்கு ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் சொன்னதைவிட அதுதான் எனக்கு நடுக்கமாக இருந்தது.

அடுத்த முறை போனபோது சிஸ்டர் ஒரு வழி சொன்னார். அக்குபிரஷர். என் வலது கையை மல்லாத்தி, மணிக்கட்டு ரேகையிலிருந்து என் விரலாலேயே மூன்று விரல் அளந்து, இரண்டு நரம்புக்கு நடுவில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினார். வாசலில் நின்ற என் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது மருந்துக்குப் பதில் இல்லீங்க. மாத்திரைய நிறுத்திராதீங்க. மனசு கொஞ்சம் அடங்கும். தூக்கம் வந்தாலும் வரும். ஆனா ஒண்ணு, பிஸ்டுலா கையில மட்டும் விரலே வைக்கக்கூடாது."

அன்று சாயங்காலமே மனைவி பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"எதுக்குங்க கதவச் சாத்துறீங்க? கையத்தானே புடிக்கப் போறேன்?"

"யாராவது வந்தா?"

"வந்தா என்ன? கல்யாணத்துல ஊரே பாக்கப் புடிச்ச கைதானே? அப்பவே நீங்க தரையத்தான் பாத்துட்டு இருந்தீங்க."

அவள் கட்டைவிரல் வெங்காயம் அரிந்து அரிந்து காய்த்துப் போனது. ஆனாலும் பதமாகத்தான் அழுத்தினாள். பேச்சு ஒருபக்கம், அழுத்தல் ஒருபக்கம். பக்கத்துக் கொல்லையில் யார் மாடு மேய்ந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யார் மாடு என்பது வருவதற்குள் தூங்கிவிட்டேன். அக்குபிரஷரா, அவள் பேச்சா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வழி பிறந்தது. வார்டுக்குப் பிறக்கவில்லை. அங்கே கூட வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். சிஸ்டருக்கோ வரிசையாகக் கட்டில்கள். என் கையைப் பிடித்துக்கொண்டே நிற்க முடியுமா? நானே அழுத்திக்கொள்ளலாம் என்றால், இடது கையில் ஊசி இருக்கிறது, அசைக்கக்கூடாது. வலது கையால் வலது மணிக்கட்டை எப்படி அழுத்துவது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டில் எதற்கும் கைக்கு அகப்படுவது சின்ன வெங்காயம்தான். உருண்டையாக ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் மனைவி காப்பி வாங்கப் போன நேரம், அதை வலது மணிக்கட்டில் சரியான இடத்தில் வைத்து, துண்டைக் கிழித்துச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கி முடிந்தேன். சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் போய்ப் படுத்தேன்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பயம் வந்தது. வந்ததும் மணிக்கட்டைக் கட்டில் கம்பியில் வைத்து அழுத்தினேன். உள்ளே நச்சென்று நசுங்கியது.

என் வலதுபக்கக் கட்டில்காரர் அரியலூர்க்காரர். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டியவர், என்னைவிட மூத்தவர். வார்டு முழுக்க அவர் குரல்தான் கேட்கும். அவர் மூக்கைத் தூக்கினார்.

"சிஸ்டர்! எங்கயோ தாளிக்கிறாங்க. எனக்கும் ஒரு தோசை சொல்லுங்க."

எல்லாக் கட்டிலிலும் சிரிப்பு. சிஸ்டர் முகர்ந்துகொண்டே வந்து என் சட்டைக் கையைத் தூக்கினார். துணி நனைந்திருந்தது. அவிழ்த்ததும் வெங்காயச் சாறு சொட்டியது. அவர் கண்ணிலும் தண்ணீர், என் கண்ணிலும் தண்ணீர்.

"என்னண்ணா இது? இப்படி இறுக்கலாமா? கை மாத்திக் கட்டியிருந்தா பிஸ்டுலாவே அடைச்சிருக்கும்!"

"அந்தக் கையில கட்டமாட்டேன் சிஸ்டர்" என்றேன்.

"எதுக்குக் கட்டுனீங்க?"

மின்விசிறியைப் பார்த்தேன். அவருக்கே புரிந்துவிட்டது. கையைத் துடைத்துவிட்டு மணிக்கட்டை அழுத்த ஆரம்பித்தார். அதற்குள் கடைசிக் கட்டிலில் மெஷின் கத்தியது. ஓடிவிட்டார். எனக்கு நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது. கழட்டச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தம்பி, கையக் குடு" என்றார் அரியலூர்க்காரர்.

அவருக்கு இடது கைப் பழக்கம். அதனால் பிஸ்டுலாவை வலது கையில் வைத்திருந்தார்கள். என் மெஷின் எனக்கு இடதுபக்கம், அவருடையது அவருக்கு வலதுபக்கம். நடுவில் எங்கள் இரண்டு பேருடைய சும்மா கிடக்கிற கைகள்தான்.

"வேண்டாம்ண்ணே."

"அட, பொண்ணா கேக்குறேன்? கையத்தானய்யா கேக்குறேன். வெங்காயத்துக்குக் குடுத்த, எனக்குக் குடுக்கமாட்டியா?"

மறுபடி சிரிப்பு. அதை நிறுத்துவதற்காகவே கையை நீட்டினேன். அதற்குள் திரும்பி வந்த சிஸ்டர், இருவர் கையிலும் மருந்துத் தண்ணீர் தேய்த்துவிட்டு, ஊசிக் கை அசையக்கூடாது என்று சொல்லி இடத்தைக் காட்டினார். அரியலூர்க்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கிணற்றிலிருந்து ஆளைத் தூக்குகிற பிடி. அப்படிப் பிடித்தால் என் விரலும் தானாக அவர் மணிக்கட்டில் போய் நின்றது. சரி, சும்மா இருப்பானேன் என்று நானும் அழுத்தினேன்.

அவர் தோசைப் பேச்சு பேசிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் என் விரலுக்கடியில் அவர் நாடி என்னுடையதைவிட வேகமாக ஓடியது. உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு வருசமாச்சு தம்பி. இன்னும் ஊசியப் பாத்தா உசுரு போவுது. வாய மூடுனா பயம் வந்துரும், அதான்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நல்லாப் புடிச்சுக்குங்கண்ணே" என்றேன். அவர் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. சிமெண்டு, லாரி, பாடாலூர் ரோட்டோரம் ஒரு புரோட்டாக் கடை, பிறகு குறட்டை. லாரி மேட்டில் ஏறுகிற மாதிரிக் குறட்டை. அந்த வார்டில் அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லையாம்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துபோனேன். அவர் விழித்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது. சிஸ்டர் வந்து என் மெஷினைத் தட்டினார்.

"நேரம் முடிஞ்சிருச்சுண்ணா. முழுசா இருந்துட்டீங்க! கழட்டிரலாமா?"

அரியலூர்க்காரர் எனக்குப் பின்னால் மெஷினில் ஏறியவர். அவருக்கு இன்னும் நேரம் இருந்தது. என் மணிக்கட்டில் அவர் கட்டைவிரல் தளர்ந்து கிடந்தது.

"கொஞ்சம் இருக்கட்டும் சிஸ்டர்" என்றேன். "இப்பத்தான் தூங்குனாரு."

சிஸ்டர் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். "கழட்டு கழட்டுன்னு என் உசுர எடுத்த ஆளா நீங்க?" என்றவர், சத்தமில்லாமல் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டார். ஒரு ஸ்டூலையும் இழுத்து நடுவில் போட்டார். நான் அரியலூர்க்காரர் கையை விடாமல் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே மனைவி, எப்போதும் சீக்கிரம் வருகிற ஆளைக் காணோமே என்று பதறி வார்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் ஓர் ஆம்பளையின் கையைப் பிடித்தபடி ஊரறிய உட்கார்ந்திருந்தேன். கதவு ஒன்றும் சாத்தவில்லை.