ஊசி ஆகாத காளியம்மாளின் ஃபைல்

"கம்ப்யூட்டருக்குக் கரண்டு வேணும், என் ஃபைலுக்கு வேண்டாம்" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொல்லிமலையில் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நான் அங்கே நர்சிங் சூப்பிரண்டு. நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லி, வாய் வலித்ததுதான் மிச்சம்.

1. அம்மா ஊடு, புருசன் ஊடு

ஒரு காலையில் காளியம்மாள் என்ற பெண்ணை அவர் கணவர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். மரவள்ளிக் காட்டில் களைக்கொத்து பட்ட கால் சீழ் பிடித்துவிட்டது. காய்ச்சல் அனலாய் அடித்தது. டாக்டர் எழுதிய மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றினேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஊசி எனக்கு ஆவாதுங்க சிஸ்டர். மொதப் பிரசவத்துல போட்டாங்க, மூஞ்சி வீங்கி மூச்சே அடச்சுப் போச்சுங்க."

"எந்த ஊசிங்க?"

"அது தெரியாதுங்க. நீங்கதான எழுதி வெச்சீங்க."

எழுதித்தான் வைத்திருந்தோம். மலையில் ஒரே பெயரில் நிறையப் பேர் என்பதால், நாடு வாரியாக ரேக்கில் அடுக்குவது எங்கள் வழக்கம். சில ஊர்கள் சேர்ந்தால் இங்கே ஒரு நாடு. காளியம்மாள் சொன்ன ஊர் அரியூர் நாட்டில் இருந்ததால், ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொண்ட பஷீர் பாய் அந்த ரேக்கைக் கொட்டிக் கவிழ்த்தார். இல்லை.

"நெசமாவே இங்கதான் பிரசவம் பாத்தீங்களாம்மா?" என்று வந்து கேட்டார்.

"இங்கதானுங்க பாய். அப்ப அம்மா ஊட்டுல இருந்தேனுங்க. அந்த ஊரு வாழவந்தி நாடுங்க."

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர், அன்று தாய்வீட்டு ஊரைச் சொல்லியிருக்கிறார். இன்று புருசன் ஊரைச் சொல்கிறார். இரண்டும் உண்மை. யாரைத் திட்டுவது? பாய் அந்த ரேக்குக்கு ஓடினார். அங்கே ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'டாக்டர் எடுத்துள்ளார்.'

2. படிப்பதற்காக எடுத்தது

அபூர்வமான கேஸ் என்றால் டாக்டர் ஃபைலைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விடுவார். படிக்கிறாராம். வார்டில் அவரே நின்றுகொண்டு, "ஒரு ஃபைல் எடுக்க இவ்வளவு நேரமா?" என்று கத்தினார்.

"உங்க பீரோவத் திறங்க டாக்டர்" என்றேன்.

காளியம்மாளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. "ஏதாச்சும் ஒண்ணு போடுங்கம்மா, கண்ணு சொருகுதுங்க" என்று கணவர் அழுதார். எதைப் போடுவது? ஒருமுறை மூச்சடைத்தவருக்கு டெஸ்ட் டோஸ்கூட எமன்.

ஃபைல் பீரோவில்தான் இருந்தது. முதல் பக்கத்தில், டாக்டரின் கையெழுத்திலேயே, சிவப்பு மையில் ஊசியின் பெயர். நான் சிரிஞ்சில் ஏற்றி வைத்திருந்ததும் அதே மருந்துதான். அதைக் கீழே கொட்டிவிட்டு வேறு மருந்து போட்டோம். பிழைத்துக்கொண்டார்.

3. பிறகு வந்த கம்ப்யூட்டர்

அடுத்த வருடம் கம்ப்யூட்டர் வந்தது. கரண்ட் போனது, மவுஸ் படுத்தியது, பாய் ஒற்றை விரலில் தட்டினார். ஆனாலும் தாய்வீட்டு ஊர், புருசன் ஊர் இரண்டையும் ஏற்றினோம். எதைச் சொன்னாலும் ஆள் கிடைத்தார். ஆகாத ஊசியின் பெயர் ஓ.பி.யிலும் வார்டிலும் மருந்து கவுண்டரிலும் ஒரே நேரத்தில் தெரிந்தது. டைப் அடிக்கச் சலித்துக்கொள்ளும் இளம் நர்சுகளுக்கு நான் சொல்வது இதுதான்: காகிதம் ஒருத்தர் கையில் இருந்தால் மற்ற எல்லோரும் குருடர்கள்.

காளியம்மாள் அடுத்த பிரசவத்துக்கு வந்தபோது திரையில் அந்த எச்சரிக்கையை டாக்டர் பார்த்தார்.

"எவ்வளவு நல்ல விஷயம் சிஸ்டர். இத ஏன் யாருமே முன்னாடியே சொல்லல?" என்றார்.