புள்ளியக்காவின் எழுத்து

நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஊசி முனையால் சிவப்பு ஸ்டிக்கர் தாளை உரித்துக்கொண்டிருக்கிறாள் புள்ளியக்கா. மற்ற ஸ்டிக்கர் கடைகளில் மெஷின் எழுத்தை வெட்டித் தந்ததும் வேண்டாததை ஒரே இழுப்பில் உரித்துவிடுவார்கள். இவளுடைய எழுத்துக்கு உடம்பே கிடையாது. ஓரத்தைச் சுற்றிப் புள்ளிகள் மட்டும்தான். ஓர் ‘அ’வுக்கு அறுபத்திரண்டு புள்ளி. அவசரப்பட்டு இழுத்தால் பாதி ‘அ’ குப்பையோடு போய்விடும்.

“குண்டு எழுத்து யாரு வேணா போடலாம். அது தின்னுட்டுப் படுத்துக் கெடக்கும். என்னோடது எந்திரிச்சு நிக்கும்” என்பாள்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் இரண்டு வருடம் உட்கார்ந்து கடைக் கணினியில் அவளே வரைந்தாள். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மற்ற புள்ளிகளின் கூட்டத்தில் காணாமல் போகிறது என்று தெரிந்ததும் அதற்கு மட்டும் நட்சத்திரம் வைத்தாள். பள்ளி வேன், பஞ்சர் கடை, இரங்கல் பலகை, எல்லாவற்றுக்கும் இதே எழுத்துதான். இரங்கல் பலகை சர்க்கஸ் விளம்பரம் மாதிரி இருந்தது. செத்தவரின் மகனே சிரித்துவிட்டான்.

உரிக்கும்போது உதிர்ந்த புள்ளிகள் சாப்பாட்டுத் தட்டுவரை வரும். கடையைச் சேர்ந்து நடத்தும் கணவர் ஒருநாள் வெடித்தார்.

“பேங்க்ல என் கழுத்துல நாலு ஒட்டியிருந்திருக்கு. அம்மைன்னு நெனச்சு வரிசையே விலகிடுச்சு.”

“அப்போ வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்குமே!”

போன வாரம் கண் டாக்டர் வந்தார். அவருடைய ஆஸ்பத்திரிக் கதவில் இவள்தான் பெயர் ஒட்டியிருந்தாள்.

“எழுத்தெல்லாம் உடைஞ்சு உடைஞ்சு தெரியுதுன்னு நோயாளிங்க வாசல்லயே அழறாங்கம்மா. கூடத் துணைக்கு வந்தவங்களும் அழறாங்க!”

“அவங்களும் சீட்டு வாங்கிட்டாங்களா டாக்டர்?”

டாக்டர் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மாற்றாவிட்டால் மற்ற நாலு கிளைகளின் பலகையும் வேறு கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் கணினி முன் உட்கார்ந்தார். புள்ளியெழுத்து இருந்த கோப்பைத் திறந்து, அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தார்.

“நாலு கிளைம்மா. இது இருக்கறவரைக்கும் நீ திருந்த மாட்ட. இதுக்கு வேற பிரதியும் கெடையாது.”

புள்ளியக்காவின் முகம் வெளுத்தது. பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“ஏங்க, வேண்டாங்க! இனிமே போடவே மாட்டேன். கதவுக்குக் குண்டு எழுத்தே வெட்டறேன்.”

“இதையேதான் பஞ்சர் கடைக்காரர் கத்தினப்பவும் சொன்ன. வாயால சொன்னா செல்லாது. எழுதிக் குடு.”

பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல், மறு கையால் தாளையும் பேனாவையும் தள்ளினார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். ‘இனிமேல்’ என்று ஆரம்பிக்க வேண்டும். தாளின் இடது ஓரத்தில், ‘இ’ தொடங்கும் இடத்தில், ஒரு புள்ளி வைத்தாள். சற்றுத் தள்ளி இன்னொன்று.