இறாலின் மீது ஒரு வழக்கு

சென்ற மாதம் எங்கள் வீட்டில் இறால் தடை செய்யப்பட்டது.

கல்முனையில், கடலலை காதில் விழும் தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டில் இறாலுக்குத் தடை என்றால் அது சாதாரண அறிவித்தலா? சில நாளில் நண்டு போயிற்று. பிறகு சூரை மீன், கத்தரிக்காய், அன்னாசி… சந்தேகத்தின் பேரில் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளப்பட்டன. எல்லாவற்றின் மீதும் ஒரே குற்றச்சாட்டு — கிரந்தி.

இந்தச் சொல்லை என் வாசகர்களுக்கு விளக்கவும் வேண்டுமா? உடம்பில் அரிப்பெடுத்தால் — நம் பேச்சில் சொன்னால், மேல் கடித்தால் — முதலில் எழும் கேள்வி "என்ன சாப்பிட்ட?" என்பதுதான். தோலில் தோன்றுவதற்கெல்லாம் தட்டில் காரணம் தேடுகிறவர்கள் நாம். நம்மைப் பொறுத்தவரை உணவு இரண்டே அணி. கிரந்தி உள்ளது, கிரந்தி இல்லாதது.

கடி யாருக்கு? என் மச்சானுக்கு. ராத்தாவின், அதாவது என் அக்காவின், புது மாப்பிள்ளை. சம்மாந்துறைக்காரர், நாவிதன்வெளிப் பக்கம் விவசாய உத்தியோகம். நம் வழக்கப்படி, கலியாணத்தோடு பெண் வீட்டுக்குக் குடிவந்தவர். மிக நல்ல மனிதர். அவரிடம் ஒரேயொரு குறை — எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்ல மாமி" என்பார். சாப்பாட்டில் உறைப்புக் கூடிற்றா? ஒண்டுமில்ல மாமி. ஃபேன் காற்றுப் போதுமா? ஒண்டுமில்ல மாமி.

கணுக்காலில் சிவந்த தடிப்புகளோடு, கதிரையில் நெளிந்துகொண்டே அவர் அதைச் சொன்ன அன்றுதான் வீட்டில் விசாரணை தொடங்கியது.

வாப்பா வயலுக்கு அடிக்கும் மருந்தைக் குற்றவாளி என்றார். நல்ல வாதந்தான். ஆனால் மச்சானுக்கு வயலில் நிற்கும் பகல் முழுவதும் கடியில்லை. வீட்டுக்கு வந்து சற்று நேரத்தில்தான் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பிறகு, இன்னும் மோசம். பக்கத்து வீட்டு மாமி கண்ணூறு என்றார். ஓதிப் பார்த்தார்கள். கண்ணூறு போயிருக்கலாம், கடி போகவில்லை.

இப்படியிருக்க, மச்சான் தன் உம்மாவைப் பார்க்கச் சம்மாந்துறைக்குப் போய்ச் சில நாள் தங்கினார். அங்கே கடி அடங்கிவிட்டது. திரும்பி வந்தார். கடியும் கூடவே திரும்பி வந்தது.

நானும் வழக்கைத் தொகுத்துப் பார்த்தேன். வயலில் கடியில்லை. தாய் வீட்டில் கடியில்லை. எங்கள் வீட்டில் மட்டும் கடி. வேறுபாடு எங்கே? சமையலில்தானே! இதைவிட மெலிந்த வாதத்தை வைத்துக்கொண்டு நான் விவாத மேடைகளில் கோப்பை வென்றிருக்கிறேன். அதே முடிவுக்குத்தான் உம்மாவும் வந்திருந்தார். ஆனால் அவர் கோப்பை வெல்லவில்லை… உடைந்துபோனார்.

உம்மாவின் சமையலைப் பற்றி மகன் புகழக் கூடாது, ஊர் புகழும். கலியாண வீடுகளில் ஆணம் — குழம்புதான் — கொதிக்கும்போது உப்புப் பார்க்க அழைக்கப்படுகிறவர் அவர். மகளின் மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போடுவது அவருக்கு வேலையல்ல, பெருமை. அந்தப் பெருமையின் மீதே மச்சானின் உம்மா வந்து கை வைத்தார்.

மகனைப் பார்க்க வந்தவர், தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "எங்கட வீட்டுல நிண்ட நாளெல்லாம் அவன்ட மேல் பளிங்கு மாதிரி இரிந்திச்சி, மதினி. கொஞ்சக் காலத்துக்கு ரெண்டு பேரும் அங்க வந்து நிக்கட்டும். நான் குறை செல்லல்ல."

"நான் குறை செல்லல்ல" — இதைவிடக் கூர்மையான முடிவுரையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அவர் போன பிறகு உம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "என்ட கை அந்தப் புள்ளைக்கு ஒத்துக்கல்ல மகன். போறதெண்டா போகட்டும். நாம தடுக்கப்படா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பருப்பும் பீர்க்கங்காயும் மட்டும். மச்சான் அதற்கும் "நல்லாரிக்கி மாமி" என்றார். உம்மா உப்புப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். சமைத்தார்; ருசிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டுமே என்ற தவிப்பில், கலியாணத்துக்கு வாங்கி அடுக்கியவை போதாதென்று, பஸாருக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு வீட்டில் உடுக்க ஒரு புதுச் சாறன் மட்டும் வாங்கி வந்தார்.

இந்த இடத்தை, அன்பான வாசகர்களே, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாமஸியில் வாங்கிய களிம்புகள் எல்லாம் தோற்ற பிறகு, மச்சானை வலுக்கட்டாயமாக ஆட்டோவில் ஏற்றி ஒரு டொக்டரிடம் அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் இறாலில் தொடங்கி அன்னாசி வரை நானே வழக்கை எடுத்துரைத்தேன். ஒழுங்காக, தலைப்புத் தலைப்பாக. டொக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"முதல் எங்க தொடங்கின?"

இத்தனை நாளில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி! எதைச் சாப்பிட்டார் என்று கேட்டோம். எப்போது கடிக்கிறது என்று கேட்டோம். எங்கே என்று கேட்டோமா? கணுக்காலைக் கண்டோம், அதோடு நிறுத்திக்கொண்டோம்.

மச்சான் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு மெல்ல சேர்ட்டை உயர்த்தினார். இடுப்பைச் சுற்றி, சாறன் மடித்துக் கட்டும் இடத்தில், கயிறு இறுக்கியது போல் சிவந்து தடித்த ஒரு வளையம். பெண் வீட்டில் ஒரு புது மாப்பிள்ளை இதை யாரிடம் காட்டுவார்? மாமியிடமா? மாமனிடமா?

"சாறன் புதுசா?"

"ஓம் டொக்டர். எல்லாமே புதுசுதான்."

"கழுவிட்டு உடுக்கிறயா?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "கழுவினா புதுசு போயிருமே, டொக்டர். மாமி ஆசையா வாங்கித் தாற. வெளுத்த சாறனக் கட்டிக்கிட்டு மாமிட முன்னுக்கு எப்பிடி இரிக்கிற?"

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிற்று. வயலுக்குப் போனால் காற்சட்டை. தாய் வீட்டில் நைந்த பழைய சாறன். எங்கள் வீட்டிலோ, ஒன்று அழுக்கானால் அலமாரியிலிருந்து இன்னொரு புதுசு, ஜும்ஆவுக்கென்றால் கட்டாயம் புதுசு — தண்ணீரே காணாத சாயமும் பசையும் இடுப்பிலிருந்து கரை உரசும் கணுக்கால் வரை அப்படியே மேலில். அவர் சொறியச் சொறிய உம்மா இரங்கினார். உம்மா இரங்க இரங்கச் சாறன் வந்தது. சாறன் வர வரக் கடி கூடிற்று!

என் தர்க்கத்தில் பிழையில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். வேறுபாட்டைத் தேடிய இடம்தான் பிழை.

திரும்பும் வழியில், ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே, மச்சான் என் காதருகே குனிந்தார். "மாமிக்கிட்ட செல்லாதீங்க மச்சான். இறாலெண்டே இரிக்கட்டும். நான் கழுவின சாறன, வெளுக்காத மாதிரிப் பார்த்து உடுத்துக்கிறன்."

அதாவது, மாமியின் சாறனைக் காப்பாற்ற ஆயுள் முழுவதும் இறாலைத் துறக்க அவர் தயார். எப்பேர்ப்பட்ட தியாகம்! ஆனால் உம்மாவின் கை மீதான பழி? சாறனைக் காப்பாற்றினால் ஆணம் மாட்டுகிறது. ஆணத்தை விடுவித்தால் சாறன் மாட்டுகிறது. இரண்டும் உம்மா தந்தவை. மேடையில் சொல்லுக்குத் தடுமாறாத நான், வீட்டு வாசல் வரை ஒரு தொடக்க வாக்கியத்தைத் தேடிக்கொண்டே வந்தேன். கிடைக்கவில்லை.

ராத்தாவுக்கு வாக்கியம் தேவைப்படவில்லை. விஷயத்தைக் கேட்டாள். மச்சானை ஒரு பார்வை பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். புதுச் சாறன்களை அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் பெரிய வாளியில் அமுக்கினாள்.

உம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தார். "இதென்ன புள்ள, புதுச் சாறனெல்லாத்தையும் ஊறப் போட்டிரிக்காய்?"

"கழுவிட்டுத்தான் உடுக்கணுமாம். டொக்டர் செல்லிரிக்கார். இந்தச் சாயந்தான் அவர கடிச்சிரிக்கி, உம்மா."

வாளித் தண்ணீர் நீலமாகியிருந்தது. உம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் கதவுக்குப் பின்னால் நின்றார். தான் ஆசையாகக் கொடுத்தது குற்றவாளி என்று அறிந்து உம்மா கலங்கப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"அப்ப… என்ட ஆணமில்லையா?"

"உங்கட ஆணமில்ல உம்மா."

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "வெளிய வாங்க மகன். சாறன் என்ன பெரிய சாறன்… நாக்குக்கு ருசியில்லாமப் பருப்பத் திண்டுக்கிட்டு இரிந்தீங்களே, வாயத் திறந்து ஒரு சொல்லுச் செல்லப்படாதா?"

அதற்கும் மச்சான், "ஒண்டுமில்ல மாமி" என்றார்.

வாப்பாவுக்கு உடனே மீன் சந்தைக்கு உத்தரவு பறந்தது. பகலுக்கு இறால் ஆணம். உப்பு, உம்மாவே பார்த்தார். மச்சான் தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்து பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த நைந்த சாறனைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுகா இன்னுமொரு அகப்பை ஆணம் கேட்டு வாங்கினார் — இந்த வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள்.

மாப்பிள்ளை எப்போது பிள்ளையாகிறார்? மாமியின் முன்னால் வெளுத்த சாறனோடு உட்காரும்போது!