மிச்சத் தணல்

1951 மார்கழி. ராயபுரத்தில் டாக்டருக்குப் படித்த நான்கு பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில், வெந்நீர் அடுப்புக்கான கரிச் செலவை நால்வரும் பகிர்ந்துகொள்வது வழக்கம். அந்த மாதம் தவசிமுத்து ஒரே போடாகப் போட்டான்.

“நான் பச்சைத் தண்ணியில குளிக்கேன். உங்க வெந்நிக்கு நான் எதுக்குத் துட்டு குடுக்கணும்?”

திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன், சொன்னால் சொன்னதுதான். நால்வரில் கரிக் கணக்கைப் பார்த்துவந்த பொன்னேரிக்காரன் கமால் அவனை முறைத்தான்.

மறுநாள் காலை தவசிமுத்து குழாயடியில் நடுங்கிக்கொண்டே குளித்துவிட்டு, வெள்ளைக் கோட்டையும் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். மற்றவர்கள் குளித்தபின் மிஞ்சும் தணலைப் பெட்டியில் அள்ளிப் போட்டுத் தேய்ப்பது அவனுடைய ஒரு வருடப் பழக்கம். அதுவும் அந்தக் கரிதான் என்பது அவனுக்கு உறைத்ததே இல்லை.

கமால் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினான். சுர்ரென்று புகை எழும்பியது.

“இன்னா மாமு பாக்கறே? குளிக்கறவங்க குளிச்சாச்சு. அடுப்பு இன்னாத்துக்கு எரியணும்?”

கசங்கிய கோட்டோடு போனவனைப் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் வார்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தவசிமுத்து தன் பங்குக் கரிக்காசைக் கமாலின் பாயில் விட்டெறிந்தான்.

அடுத்த நாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அவனே அடுப்பை மூட்டினான். கோட்டைத் தேய்த்துக் கொடியில் மாட்டினான். பிறகு வெந்நீர்த் தவலையோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வெந்நீர் பழக்கமில்லாத முதுகு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொம்பு வரை ஊற்றிக்கொண்டான்.

வெளியே கமால் கதவை இடித்தான்.

“துட்டு குடுத்திருக்கேம்லா!” என்று உள்ளிருந்து கத்தினான் தவசிமுத்து.