பெட்டிக்கும் ஒரு பங்கு

தெருவில் அவளுக்குப் பெயர் பெட்டிக்காரி. வீட்டில் ஒருவர் ஒரு நாள் முழுக்க எதைச் சாப்பிட்டாலும், அதே அளவு இன்னொரு பங்கை அவள் தரும் பெட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் வந்து எடுத்துப்போவாள். தின்பண்டம் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து ஊரார் வயிற்றுக்குள் எவ்வளவு போகிறதென்று ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். எட்டு வருடமாக, ஒவ்வொரு கதவையும் தட்டுமுன் ஆண்டவனை ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கொள்வாள்.

பஸ் டிரைவர் வீட்டில், மூத்த மகளின் பங்கென்று வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். வேகவைத்த கேரட், வறுத்த மீன், நறுக்கிய பழம். குப்பைக்கூடையிலோ பிரெட் உறையும் காலி சாஸ் பாட்டிலும் எட்டிப் பார்த்தன.

"நேத்து பாப்பா இதையா சாப்பிட்டா?"

டிரைவர் மனைவி துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். "வெளியாளுக்குக் குடுக்கறதுல கையில கிடைச்சதையா போடுவாங்க, அக்கா? தனியா சமைச்சேன்."

"பெட்டிக்கு விருந்து வெச்சிட்டே."

"நல்லதத்தானே வெச்சிருக்கா, எடுத்துட்டுப் போங்கக்கா," என்றான் டிரைவர். "யாருக்கு என்ன நஷ்டம்?"

எடுத்துப்போயிருக்கலாம். ஆபீசில் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஷிப்டு வேலைக்காரர் வீடுகளில், ஆய்வுக்குக் குலுக்கிப் போட்டதில் சீட்டு விழுந்தது இந்த ஒரு வீட்டுக்குத்தான். இங்கே பெட்டி பொய் சொன்னால், அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் மீனும் கேரட்டுமாகத் தின்பதாகக் காகிதத்தில் ஏறிவிடும். பொய்ச்சாட்சிக்குத் துணைபோக அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"உங்க பிள்ளைங்களுக்குத்தான் நஷ்டம், தம்பி. இன்னைக்கு ஒரு நாள் மறுபடி வைங்க. நாளைக்கு எனக்கு லீவு. பரவாயில்ல, வரேன்."

"பிள்ளைக்கு இதையா போடறான்னு சிரிப்பாங்களே," என்றாள் மனைவி.

"பெட்டிக்கு ஏது வாய்? காகிதத்துல உன் பேரும் இல்ல. இதையும் நீ பெத்ததுல ஒண்ணா நினைச்சுக்கோ. மூத்தவ திங்கறதே இதுக்கும்."

"இருக்கற மூணு வயிறு பத்தலையாக்கும்," என்றான் டிரைவர்.

பெட்டிக்காரி மீனைத் தட்டில் மாற்றி, பெட்டியைக் கழுவித் துடைத்து, மனைவியின் கையிலேயே கொடுத்தாள்.

மறுநாள் பெட்டியில் சாஸ் தடவிய பிரெட், பாக்கெட் இறைச்சி இரண்டு துண்டு, குப்பியில் அரை டம்ளர் ஜூஸ். பிரெட்டின் ஓரங்களைக் காணோம்.

"ஓரம் எங்கே?"

"அவ தின்னமாட்டா அக்கா. அதான் இதுக்கும் கிள்ளிட்டேன்."

பெட்டிக்காரி மூடியை அழுத்தி மூடினாள். ஆய்வுக்கூடம் பூட்டுமுன் போய்ச் சேர வேண்டும். நடையை எட்டிப் போட்டாள்.