நாலு மூலை மஞ்சள்

மூக்குச் சிந்த ஒரு காகிதம், அடுப்படி துடைக்க ஒரு காகிதம், கக்கூசுக்கு இன்னொன்று. ஜெர்மனியில் என் அண்ணன் வேலை செய்த தொழிற்சாலையில் இந்த மூன்றையும்தான் செய்தார்கள். அவர் எழுதிய கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது அம்மா நம்பவில்லை.

"கோதாரி, தண்ணியில்லாத நாடோ அது?" என்று கேட்டார்.

எங்களிடம் தண்ணீர் இருந்தது, காகிதம்தான் இல்லை. எண்பத்து மூன்றில் உரும்பிராய்ச் சந்திக் கடையில் பிள்ளைகள் எழுதுகிற கொப்பிகளை டசின் கணக்கில் வாங்கி மணந்து பார்த்தவள் நான். நம் நாட்டு ஆலைக் காகிதம் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் தாராளமாகக் கிடைத்தது. தொண்ணூறில் பாதை பூட்டி, சாமான்களுக்குத் தடை வந்த பிறகு அதுவும் போயிற்று. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு அதன் மேலேயே திரும்ப எழுதினார்கள். அந்த வருடம்தான் அண்ணன் எழுதினார், கக்கூசுக் காகிதத்தில் இப்போது பூவும் அச்சடிக்கிறார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அண்ணனின் அகதி விண்ணப்பம் ஏழு வருடமாக இழுபட்டது. எண்பத்தைந்தில் இராணுவம் அவரைப் பிடித்துப்போய் அடித்து நொறுக்கி அனுப்பியதற்கு ஊரிலிருந்து அத்தாட்சி வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்புவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கு அரசாங்க உத்தியோகத்தராக இருந்த எங்கள் விதானையாரிடம் ஓடினேன். அவர் கந்தோரில் முத்திரை இருந்தது, மை இருந்தது, தாள் இல்லை.

"ஒரு தாள் கொண்டு வா பிள்ளை, எழுதித் தாறன்" என்றார்.

வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் பழைய கணக்குக் கொப்பி ஒன்றில், பின்பக்கம் வெறுமையாக இருந்த ஒற்றையைப் பிளேடால் வெட்டி எடுத்தேன். முன்பக்கத்தில் ஒரு பிள்ளையின் பின்னக் கணக்கும் நான் போட்ட சிவப்புச் சரியும். விதானையார் மணிமணியாக எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தித் தந்தார்.

அம்மா அதைச் சாமியறையில் வைத்தார். நல்ல காரியத்துக்குப் போகிற கடிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் பூசுவது எங்கள் வழக்கம்.

"வடிவாய்ப் பூசு பிள்ளை, அண்ணைக்கு எல்லாம் சரிவரோணும்."

பூசினேன். கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்து அனுப்பினோம்.

ஐந்து மாதம் கழித்து, அதே கடல் தாண்டிப் பதில் வந்தது. அண்ணனின் கடிதத்தோடு அந்த நாட்டு அலுவலகத்தின் முடிவும் இருந்தது. ஜெர்மன் மொழியில் இருந்ததை அண்ணன் தன் கடிதத்தில் விளக்கியிருந்தார். அரசாங்க உத்தியோகத்தர் யாரும் பிள்ளையின் கணக்குத் தாளில் எழுதமாட்டாராம். பழைய தாள் என்று காட்டுவதற்காக மூலைகளில் மஞ்சள் சாயம் பூசியிருக்கிறார்களாம். கள்ளக் கடிதமாம். அடுத்த மாதம் அவரை விமானத்தில் ஏற்றுகிறார்கள். கொழும்பில் இறங்கினால் யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கோதாரி பிடிப்பாங்கள்! துடைத்தெறியப் பூப்போட்ட காகிதம் செய்கிறவர்களுக்கு, எழுதத் தாளில்லாத ஊர் ஒன்று இருக்கும் என்று விளங்கவில்லை. அவர்களைத் திட்டி என்ன, பூசிய விரல் என்னுடையது.

"என்ன எழுதியிருக்கு பிள்ளை?" என்றார் அம்மா.

"இன்னும் முடியேல்லை அம்மா. பாத்துக்கொண்டிருக்கினம்" என்றேன்.

அம்மா அந்த முடிவுத் தாளை வாங்கி விரலால் தடவினார். வெள்ளை வெளேரென்று மொத்தமான தாள். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

"எவ்வளவு நல்ல தாள்! விதானையாரிட்டைக் குடுத்து, இதிலை இன்னொரு கடிதம் எழுதி வாங்கு" என்றார். "இந்தமுறை மஞ்சளை நானே பூசுறன்."