எல்லை தாண்டிய மூடி

கேரளத்தின் காரோடு என்ற ஊரில் மீனுக்கு ஐஸ் செய்யும் ஆலை ஒன்றில் நான் மின் பொறியாளராக இருந்தேன். ஆலையின் பின்மதில்தான் மாநில எல்லை. அந்தப் பக்கம் தமிழ்நாடு, அங்கே ஒரு மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம்.

உயர் அழுத்த மின்சாரம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை அந்த வருடம் மாற்றினோம். பழைய பெட்டிக்குள் எஸ்.எஃப்.6 வாயு அடைத்திருந்தது. அது பூமியைச் சூடாக்குகிறது என்பதால் புதியதில் வெறும் உலர்காற்று. உள்ளே பழுதாகி மின்சாரம் தீயாகப் பாய்ந்தால் காற்று சட்டென்று சூடாகும். பழைய வாயுவைவிட அதில் அழுத்தம் வேகமாக ஏறும். வழி இல்லாவிட்டால் பெட்டியே வெடிக்கும். அதனால் குறுகலான பழைய புகைக்குழாயை எடுத்துவிட்டு, கூரைக்கு மேலே அகலமான ஒன்றை வைக்கச் சொன்னேன்.

சுவிட்ச் போடும் ஆபரேட்டர் அண்ணன் கடற்கரைக்காரர். அதைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன மேடம், பீரங்கியா? ஆருகூட சண்டைக்குப் போறோம்?"

முதன்முதலாக மின்சாரம் கொடுத்த அன்று எல்லோரும் வெளியே அயனி மரத்தடியில் நின்றோம். தூரத்திலிருந்தே சுவிட்ச் போடும் பொத்தானும் அங்கேதான். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினார்.

டமார்!

மழைக்காகக் குழாய் வாயில் வைத்திருந்த தகர மூடி விர்ரென்று வானத்துக்குப் போனது. பின்னாலேயே கரும்புகை. மின்சாரம் தானாகவே நின்றுவிட்டது.

"மேடம், உயிரோட உண்டா?"

"உண்டு அண்ணா, உண்டு!"

புகை அடங்கி உள்ளே போய்ப் பார்த்தோம். பெட்டிக் கதவு கொஞ்சம்கூட நெளியவில்லை. என் குழாய் வேலை செய்திருந்தது! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்க, அவரைப் பார்த்து நான் சிரிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. விளைக்காரி அக்கா. கையில் எங்கள் மூடி.

"எலே மக்கா, இது உங்களுக்க சாதனமாக்குமா? எனக்க மரச்சீனிய ஒடிச்சுப் போட்டுதே! ஆருக்கும் ஒண்ணும் ஆவல்லியே?"

"பெர்மிட் இல்லாம பார்டர் தாண்டிட்டுது, மன்னிக்கணும்" என்றார் அண்ணன் கைகூப்பி. அக்காவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

லாரியில் வந்த குலுக்கலில் பெட்டிக்குள் ஒரு மின்காப்புத் துண்டு விரிசல் விட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. வேறு பெட்டி அனுப்பினார்கள், ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. ஒடிந்த மரச்சீனியைப் பிடுங்கிக் கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியோடு அக்கா கொண்டுவந்தார். சாப்பிடும்போது யாராவது மெல்ல "டமார்" என்பார்கள், எங்களுக்குப் புரையேறிவிடும்.